நிற்க வேண்டிய ஆள்

செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க தம்பி, அப்படியே வாங்க. மாடியில எட்டு மாசமா யாரும் குடியில்ல, தூசியாத்தான் கெடக்கும். நீங்க பேங்க்காரர்னு புரோக்கர் சொன்னாரு. நல்லதுங்க. பேங்க்காரங்க எழுதினபடி நடக்கறவங்க. நானும் அப்படித்தான். முப்பத்தோரு வருசம் நூல் மில்லுல பாய்லர் செக்சன் ஃபோர்மேன். ஃபோர்மேன் சென்னியப்பன்னு கேளுங்க, வெள்ளகோயில் ரோட்டுல எந்த மில்லு வாசல்லயும் சொல்லுவாங்க.

இது ஹாலு. காத்து நல்லா வரும். ரெண்டு பெட்ரூம், ரெண்டுலயும் சன்னல் இருக்குது. காவேரித் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா, மத்ததுக்குப் போர் தண்ணி. அக்கட்டால இருக்கறது சமையல் ரூம். ஒரே ஒரு கண்டிசன் தானுங்க. குக்கர் வெக்கக் கூடாது.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மொதல்ல இருந்தவரு சம்சாரம், குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேக மாட்டேங்குதுன்னு நாலே மாசத்துல கெளம்பிருச்சு. அடுத்து வந்தவன் மூஞ்சிக்கு நேராவே, பெருசு உனக்குக் கிறுக்குன்னான். இருக்கட்டும். விசிலு சத்தம் வந்தா நான் தோட்டத்துக்கு ஓடிருவேனுங்க. எழுபது வயசு ஆகப்போகுது, எதுக்கு மறைக்கோணும். பயம் தான்.

இத்தனைக்கும் குக்கர் மேல எனக்குக் கோவமே இல்ல. அது ஒழுங்கான சாமான். தலையில வெயிட் ஒண்ணு இருக்குது, ஆவி கூடுனா தூக்கி விட்டுரும். அது அடைச்சுக்கிச்சுன்னா பக்கத்துல சின்னதா இன்னொண்ணு, உருகி வழி விட்டுரும். ஒரு படி சாதம் வேகறதுக்கு ரெண்டு காவல். எங்க சேம்பருக்கு ஒண்ணுதான்.

சேம்பர்னா உங்களுக்குத் தெரியாதில்ல. உக்காருங்க. அந்தச் சேர் நல்லாத்தான் இருக்குது, உக்காருங்க. இதைச் சொல்லோணும். இல்லாட்டி நாளைக்கு ஊருக்குள்ள யாராச்சும் வேற மாதிரி சொல்லுவாங்க, நீங்க அதை நம்பிப்புடுவீங்க.

முறுக்குன நூலு பிரியாம இருக்கறதுக்கு ஆவியில வேக வெப்போம். அதுக்கு ஒரு பெரிய இரும்பு உருளை, ஒரு ஆளு நிமிந்து நடக்கலாம் உள்ள. முன்னால கதவு, வட்டமா. நூலை வண்டியோட உள்ள தள்ளி, கதவை மூடி, ஆவியத் தொறந்து விடறது. அதுதான் சேம்பர். பாய்லர்ல இருந்து வர்ற ஆவியோட அழுத்தம் ஏழு கிலோ. சேம்பர் தாங்கறது மூணு கிலோ. நடுவுல அழுத்தத்தைக் கொறைக்கறதுக்கு ஒரு வால்வு. அது ஒழுங்கா இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல. அது சிக்கிக்கிச்சுன்னா ஏழும் உள்ள வந்துரும். அதுக்குத்தான் சேம்பர் தலை மேல சேஃப்டி வால்வு. மூணைத் தாண்டுனா அதுவாத் தொறந்து வெளிய தள்ளிரும். யாரையும் கேக்காது.

இதுக்குச் சட்டம் ரெண்டே வரி. சேஃப்டி வால்வு இருக்கோணும். அதுக்கும் சேம்பருக்கும் நடுவுல அடைக்கற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனா அதுக்குக் கீழ விதிவிலக்குன்னு போட்டிருக்கும் பாருங்க, அது பக்கம் பக்கமாப் போகும். நான் அதையெல்லாம் மனப்பாடம் பண்ணுனவன். சட்டம் எல்லாருக்கும் தெரியும் தம்பி. விதிவிலக்கு தெரிஞ்சவந்தான் ஃபோர்மேன். எங்க மொதலாளி எல்லார் முன்னாலயும் சொல்லுவாரு, நம்ம சென்னியப்பன் இருக்கறப்ப மில்லு ஒரு மணி நேரம் நிக்காதுன்னு.

அந்த விதிவிலக்குல ஒண்ணு. சேஃப்டி வால்வை ரிப்பேருக்குக் கழட்டறதுக்காக, அதுக்கு அடியில ஒரு அடைப்பு வால்வு வெச்சுக்கலாம். ஆனா அது எப்பவும் தொறந்தே இருக்கோணும், சங்கிலி போட்டுப் பூட்டி வெச்சிருக்கோணும். மூடறதா இருந்தா, மூடியிருக்கற நேரம் பூராவும் பொறுப்பான ஆளு ஒருத்தர் அங்கயே நிக்கோணும். தொறந்து பூட்டுனதுக்கு அப்பறம்தான் அவரு நகரலாம். வேலை நிக்காம ரிப்பேர் நடக்கும். எத்தனை அழகான ஏற்பாடு பாருங்க.

அதை நானே பெயிண்ட்ல எழுதிப் போர்டு மாட்டினேன். ‘வால்வு மூடியிருக்கையில் ஒரு ஆள் நிற்க வேண்டும். இடத்தை விட்டு நகரக் கூடாது.’ புஸ்தகத்துல அதுக்கப்பறமும் ஒரு வரி இருக்குது. நிக்கற ஆளு அழுத்தம் காட்டற முள்ளைப் பாத்துட்டே இருக்கோணும், ஏறுச்சுன்னா ஆவியை எப்படி வெளிய விடறதுன்னு தெரிஞ்சிருக்கோணும்னு. தகரம் சின்னது, எடம் பத்தல. அதுவுமில்லாம நிக்கறது எப்பவும் நானோ என்ற அசிஸ்டெண்டோதான். எங்களுக்குத் தெரியாததா?

நம்ம ஆளுங்க ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். பீடி, டீ, மூத்திரம். அதனால நான் ஒண்ணு பண்ணினேன். அந்தப் பூட்டுச் சாவிய மஞ்சக் கயித்துல கோத்தேன். யாரு நிக்கறாங்களோ அவங்க அதைக் கழுத்துல போட்டுக்கோணும். இன்னொருத்தர் வந்து கழுத்து நீட்டுனாத்தான் கழட்டலாம். மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டுவமில்லைங்க, காப்புக் கட்டுனா ஊர் எல்லை தாண்ட மாட்டமில்ல, அந்த மாதிரி. மில்லுல எல்லாரும் கேலி பண்ணுவாங்க, என்னங்கண்ணா காப்புக் கட்டியாச்சான்னு. கேலி பண்ணுனாலும் அதுக்கு மரியாதை இருந்துச்சுங்க. பதினோரு வருசம் ஒரு தப்பு நடக்கல.

காளியண்ணன்னு ஒருத்தன். சேம்பர்ல நூல் ஏத்தி எறக்கற ஆளு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வாயே தொறக்க மாட்டான். வருசா வருசம் குண்டம் எறங்கி நெருப்பு மிதிக்கறவன். ஒரு தடவ காப்புக் கட்டியிருந்தப்ப அவன் கூடப் பொறந்த தங்கச்சிக்கு தாராபுரத்துல கல்யாணம் வந்துருச்சு. போகலைங்க. மாப்பிள்ளை வீட்டுல பெரிய சண்டை. போகலையே. அப்படிப்பட்ட ஆளு. அதனாலதான் அன்னைக்கு நான் அவனைக் கூப்பிட்டேன். வேற எவனையாச்சும் கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பான். அட, ஓடியிருப்பான்.

தண்ணி குடிக்கறீங்களா? இருக்கட்டும், நான் குடிச்சுக்கறேன்.

சேஃப்டி வால்வு ஒரு வாரமா ஒழுகிட்டு இருந்துச்சு. ஈரோட்டுப் பட்டறைக்குக் குடுத்து ராவி எடுத்துட்டு வரோணும். காலையில குடுத்தா மத்தியானம் வந்துரும். மொதலாளி கேட்டாரு, சேம்பர நிறுத்தாம முடியுமா சென்னியப்பான்னு. கப்பலுக்குப் போற சரக்கு. முடியுமுங்க, விதிவிலக்கு இருக்குதுன்னேன். அடைப்பு வால்வை மூடி, மேல இருந்த சேஃப்டி வால்வைக் கழட்டி ஜீப்புல அனுப்பிட்டு, கயித்தைக் கழுத்துல போட்டுட்டு எட்டு மணியில இருந்து நாந்தான் நின்னேன். மூணு மணி நேரம் அசையலைங்க.

பதினோரு மணிக்கு ஆபீசுல இருந்து ஆளு வந்துச்சு. வெளிநாட்டுப் பார்ட்டிக்காகப் பாதுகாப்பு ஆடிட் பண்ண ஒருத்தர் வந்திருக்காரு, ஃபோர்மேன் உடனே வரோணும், பாதுகாப்பு ஃபைலோட. அசிஸ்டெண்ட் ஜீப்புல ஈரோடு போயிட்டான். காளியண்ணன் வண்டியத் தள்ளிட்டு நின்னான். இங்க வாடான்னேன். கயித்தைக் கழட்டி அவன் கழுத்துல போட்டேன். குனிஞ்சு வாங்கிக்கிட்டான், சாமி முன்னால குனியற மாதிரி.

நகராத, கால் மணியில வந்தர்றேன்னு சொன்னேன். அவன் முள்ளைப் பாத்தான். ‘இது செவப்புக்குப் போச்சுன்னா என்னங்கண்ணா பண்றது?’ன்னான்.

போகாதுடான்னேன். பதினோரு வருசமாப் போனதில்லீங்க. போகாதுன்னு தானே சொல்ல முடியும்?

ஆடிட்டுக்கு வந்தவரு சின்ன வயசு, நல்ல மரியாதை. ஃபைலை ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாரு. சேஃப்டி வால்வுக்கு அடியில அடைப்பு வால்வு எப்படி வெக்கலாம்னு கேட்டாரு. நான் விதிவிலக்கை வரி வரியா ஒப்பிச்சேன். மஞ்சக் கயித்தைப் பத்திச் சொன்னேன். பாருங்க, இப்பக்கூட ஒரு ஆளு நின்னுட்டிருக்கான், நீங்க வந்து பாக்கலாமுன்னேன். அவரு எழுந்திருச்சு எனக்குக் கை குடுத்தாரு. எந்த மில்லுலயும் இப்படி ஒரு ஏற்பாட்டைப் பாக்கலைன்னாரு. மொதலாளி பக்கத்துல இருந்தாரு. என்ற ஆயுசுல அப்படி ஒரு நேரம் வந்ததில்லைங்க தம்பி. பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு நெறஞ்சு போச்சு.

கால் மணி முக்கால் மணியாயிருச்சு.

சத்தம் வந்துச்சுங்க. ஆபீசுக் கண்ணாடி பூராவும் உள்ள வந்து விழுந்துச்சு. அழுத்தத்தைக் கொறைக்கற வால்வு சிக்கிக்கிச்சு, ஏழு கிலோவும் உள்ள போயி, சேம்பர் கதவு பிச்சுக்கிட்டு எதுத்த செவுத்துக்குப் போயிருச்சு. நான் ஓடுனேன். ஒரே வெள்ளையா ஆவி. உள்ள எதுவும் தெரியல. ஆவி அடங்குனப்பறம் பாத்தா, காளியண்ணன் நின்ன எடத்துல இருந்து நாலே அடி தள்ளி கெடந்தான். அந்த நாலடியும் கதவு தள்ளுனது. அவனா ஒரு அடி கூட வெக்கல. சாவி கழுத்துல அப்படியே இருந்துச்சு.

அவன் கை எட்டற தூரத்துல ஆவிய வெளிய விடற வால்வு ஒண்ணு இருந்துச்சுங்க. கால் சுத்து திருப்புனா போதும். அவனுக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? யாரும் அதைத் தொடக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி வெச்சிருந்தேன். கண்டவன் கை வெச்சு ஆவி வீணாப் போகுதுன்னு.

விசாரணைக்கு ஆபீசருங்க வந்தாங்க. அடைப்பு வால்வு மூடியிருந்துச்சே, விதிப்படி பொறுப்பான ஆளு யாருன்னு கேட்டாங்க. சாவி யாருகிட்ட இருந்துச்சோ அவருதானுங்கன்னேன். இதுல என்ன பொய்யி? மில்லுல யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. அவங்க எழுதிக்கிட்டாங்க. ‘பொறுப்பான நபர், காளியண்ணன். அழுத்தம் ஏறியும் நடவடிக்கை எடுக்கவில்லை.’ எனக்கு ஒரு மெமோ கூட இல்ல. ரெண்டு வருசம் கழிச்சு மாலை போட்டு ரிட்டயர்மெண்ட் பண்ணி அனுப்புனாங்க.

ஆனா ஊருக்காரங்க வாயி இருக்குது பாருங்க. நடவடிக்கை எடுக்கலைன்னு எழுதுனது, அப்படியே தூங்கிட்டான்னு ஆயிருச்சு. காவலுக்கு நின்ன எடத்துல தூங்கி மில்லையே வெடிக்க வெச்சவன்னு ஆயிருச்சு. அவன் புள்ளைக்கு ரெண்டு எடம் வந்து, ரெண்டும் இதைச் சொல்லித் தட்டிப் போச்சு. தூங்குனவன் மக எங்க வீட்டுல வெளக்கு வெக்கறதான்னு ஒருத்தங்க கேட்டாங்களாம். இப்ப மூணாவதா காங்கயத்துல இருந்து ஒரு எடம். வர்ற வெள்ளிக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்களாம்.

எனக்கு எப்படித் தெரியும்னா, அவன் சம்சாரம் சொல்லும். பழனியாத்தா. அம்மாவாசைக்கு அம்மாவாசை வரும். அவனுக்குப் படையல் போட்டுட்டு நேரா இங்க வரும். ஒம்பது வருசமா. உள்ள வரச் சொன்னா வராது. கேட்டுக்கு வெளிய நின்னு புள்ளை சேதியச் சொல்லிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். ‘அவரு தூங்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணா. உங்களுக்குத் தெரியும்.’ சத்தம் போடாது. திட்டாது. திட்டுனாலாவது பரவாயில்லைங்க, கேட்டுட்டுக் கதவைச் சாத்திரலாம்.

எனக்கு எப்படி அம்மணி தெரியும், நான் ஆபீசுல இருந்தேன்னு சொல்லுவேன். சரிங்கண்ணான்னு போயிரும். அடுத்த அம்மாவாசைக்கு மறுபடியும் வரும்.

எனக்குத் தெரியுமுங்க.

உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க வெளியூரு. சேம்பர் பக்கத்துலயே செவுத்துல ஒரு ஃபோன் இருந்துச்சு, ஆபீசுக்குப் பேசறதுக்கு. நின்ன எடத்துல இருந்தே கை நீட்டி எடுக்கலாம். ஆடிட்டர் கை குடுத்தாருன்னு சொன்னேன்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னால மேசை மேல ஃபோன் அடிச்சுச்சு. நாந்தான் எடுத்தேன். ‘அண்ணா, முள்ளு...’ன்னான். காளியண்ணன் கொரலு. பின்னால ஒரே இரைச்சல். மொதலாளி என்னையவே பாத்துட்டு இருந்தாரு. ‘நில்லு, வர்றேன்’னு சொல்லி வெச்சுட்டேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும் அடிச்சுச்சு. எடுத்துக் கீழ வெச்சேன், பேசல. மூணாவது தடவ அடிக்கல.

அவ்வளவுதான். யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஃபோன் வந்துச்சான்னு விசாரணையில ஒரு கேள்வி இருந்திருந்தா சொல்லியிருப்பேன். கேள்வியே இல்லையே. கேக்காததுக்குப் பதில் சொல்லோணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது? நானும் எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டேன்.

என்ன தம்பி, எதுக்கு அங்க பாக்கறீங்க? சமையல் ரூமா? ஒண்ணுமில்லையே. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா? இல்லையா? நல்லது. மொதல்ல இருந்தவருக்கும் தெரியல. கிறுக்குன்னவனுக்கும் தெரியல. எனக்கு மட்டும்தான்.

பேயின்னா நடமாடும், சத்தம் போடும்னு சொல்லுவாங்க. இவன் அப்படியெல்லாம் இல்லைங்க. நிக்கறான். அவ்வளவுதான். அந்தக் கதவு நெலவு பக்கத்துல, முதுகு நேரா, கையைக் கட்டிட்டு. பட்டப் பகல்லயே. ஒண்ணும் பேச மாட்டான், என்னையப் பாக்கக் கூட மாட்டான். செவுத்துல முள்ளு இருக்கற மாதிரி அதையே பாத்துட்டு நிக்கறான். காளியண்ணா, போடா, நான் வந்துட்டேன்னு சொல்லிப் பாத்துட்டேன். என்ற கழுத்தைக் கூட நீட்டிப் பாத்துட்டேன் தம்பி. அழுதேன். அவன் திரும்பவே இல்ல. நாஞ் சொல்றது அவன் காதுல விழறதில்ல போலருக்குது. இங்க குடித்தனம் இருந்தா வர மாட்டேங்கறான். ஆளு காலி பண்ணுன மறுநாளே வந்து நின்னுக்கறான். அதுக்குத்தானுங்க இந்த வீட்டைச் சும்மா போட முடியல. வாடகைக்காகன்னு நெனச்சுக்காதீங்க.

நீங்க எழுதிக் குடுத்தர்றதுதானேன்னு உங்க மூஞ்சி கேக்குது. எழுதலாமுங்க. உக்காந்து எழுதியும் இருக்கேன், ரெண்டு தடவ. ‘காளியண்ணன் தூங்கவில்லை’ன்னு எழுதுனா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு எழுதுனா, நீங்க ஏன் போகலைன்னு அதுக்கடுத்தது வரும். அதுக்கு நான் என்னத்தைங்க எழுதறது? ஒருத்தர் கை குடுத்துட்டிருந்தாருன்னா?

இருங்க. கேட்டுச் சத்தம் கேட்டுச்சா?

ஆமா. இன்னைக்கு அம்மாவாசை. இந்நேரத்துக்குத் தான் வரும். சன்னல் பக்கம் போகாதீங்க, தெரிஞ்சிரும். பக்கத்துல நிக்கறது யாரு? பாவாடை தாவணி... இல்ல, சேலை. அந்தப் புள்ள. ஒம்பது வருசத்துல புள்ளையக் கூட்டிட்டு வந்ததே இல்லீங்க. எத்தனை உசரம் வளந்துருச்சு. அப்படியே அவன் நிக்கற மாதிரியே நிக்குது பாருங்க, முதுகு நேரா.

தம்பி, நான் ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்காதீங்க. வீடு உங்களுக்குத்தான், பேச்சே வேண்டாம். குக்கர் கூட வெச்சுக்கங்க, நான் பாத்துக்கறேன். இப்ப கீழ போயி கேட்டுகிட்ட நில்லுங்க. புதுசாக் குடி வந்திருக்கறவருன்னு சொல்லிக்கலாம். நான் வெளிய போயிருக்கேன்னு சொல்லுங்க. அவங்க என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிருங்க, உங்களுக்கு என்ன தெரியும், நீங்க வெளியூரு. ரொம்ப நேரமெல்லாம் ஆகாது. நான் இப்படிப் பின்னால படி வழியா எறங்கி, தோட்டத்துல கொஞ்சம் இருந்துட்டு வர்றேன். அவங்க போற வரைக்கும் மட்டும் அந்த எடத்தை விட்டு நகராதீங்க.